பதினேழாம் எண் கல்பாசி

என் கைப்பையில், பழைய மாத்திரை டப்பா ஒன்றில், ஒரு சிட்டிகை கல்பாசி இருந்தது. அது எந்த மரத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் கோடை விடுமுறையில் கம்பத்துக்குக் கிளம்பினேன். வீட்டில் உண்மையைச் சொன்னேன். பிரியாணிக்குப் போடுகிற சாமானுக்கு இவ்வளவு தூரமா என்று என் கணவர் கேட்டார். போகாதே என்று சொல்லவில்லை.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். அங்கே ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் ஊரில் மண்ணைத் தோண்டினால் இன்னும் மண்தான் வரும். கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரி, பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டிக்கிடக்கிற ஒரு ஜீவனை ஏழு வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

கல்பாசி என்று சொன்னாலும் அது வெறும் பாசி இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம். பாசி வெயிலில் சமைக்கும், பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கும். வேர் கிடையாது. காற்றும் பனியும் மழையும் எதைக் கொண்டுவருகிறதோ அதை உடம்பு முழுக்கக் குடித்து வாழும். விரல்நக அளவு வளர வருஷங்கள் ஆகும். அவ்வளவு மெதுவாக வளர்வதைக் கிருமிகள் தின்றுவிடாமல் இருக்கத் தனக்கென்று சில அமிலங்களைச் செய்து வைத்துக்கொள்ளும். அந்த அமிலங்கள் மனிதருக்கு வருகிற கிருமிகளையும் கொல்லுமா என்பதுதான் என் ஆய்வு.

சோதனை எளிது. கண்ணாடித் தட்டில் கிருமியைப் பரப்பி, கல்பாசிச் சாற்றில் நனைத்த சிறு காகிதப் பொட்டை நடுவில் வைக்க வேண்டும். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். சாற்றுக்கு வேலை செய்கிற குணம் இருந்தால் பொட்டைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் விழும். உடம்பின் செல்களை அரிக்கிற பொருட்களை அடக்கும் குணம் உண்டா என்று பார்க்க வேறொரு சோதனை: ஊதா நிறத் திரவத்தில் சாற்றை விட்டால் ஊதா மங்கி மஞ்சளாகும். பதினாறு கல்பாசிகளில் ஊதா மங்கியது, வட்டம் நெல்மணி அகலத்துக்கு விழுந்தது. பதினேழாவதற்குக் குழந்தையின் வளையல் அளவுக்கு வட்டம் விழுந்தது.

அது கம்பத்துக்குச் சுற்றுலா போன சக ஆசிரியை பிரியாணிக்கென்று வாங்கி வந்த பொட்டலம். பாதி குண்டானுக்குப் போனது, பாதியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் வழிகாட்டியான பேராசிரியை அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். புதிய சேர்மமாக இருக்கலாம் என்றார். ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயமே அதுதான் என்று ஆனது. ஒரு சிட்டிகை மட்டும் மிஞ்சியபோது கம்பத்திலிருந்து மறுபடி வரவழைத்தேன். நெல்மணிதான் விழுந்தது. இன்னொரு கடையில் வாங்கினேன். அதே நெல்மணி.

"மறுபடி செய்து காட்ட முடியாததை எழுத முடியாது. மரத்தைக் கண்டுபிடி. இதற்கு மேல் அவகாசம் நீட்டித் தர மாட்டார்கள்" என்றார் மேடம்.

தேனியைத் தாண்டியதும் பேருந்துக்கு இரண்டு பக்கமும் மலை வந்து உட்கார்ந்துகொண்டது. சமவெளியிலேயே வளர்ந்தவளுக்கு அது ஒரு மயக்கம். கண்ணை மூடித் திறக்கும்போதெல்லாம் மலை சற்று நெருங்கியிருந்தது. காற்றாலைகளின் இறக்கைகள் தூக்கத்தில் சுற்றுவதுபோலச் சுற்றின. நானும் தூங்கிப்போனேன். எழுந்தபோது பேருந்து ஒரு திராட்சைத் தோட்டத்து ஓரம் அசையாமல் நின்றிருந்தது.

"பஞ்சரு. ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல. எறங்கி நில்லுங்க, பின்னால வண்டி வருது" என்றார் கண்டக்டர்.

நாற்பது பேர் சாலையில் நின்றோம். யாரும் கோபப்படவில்லை. எங்கள் பக்கமாக இருந்தால் இந்நேரம் கண்டக்டரின் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். கல்தூண் நட்ட திராட்சைப் பந்தலுக்குக் கீழே இருந்து ஒரு பெண்மணி, சேலைமேல் ஆண்சட்டை போட்டவர், பன்னீர் திராட்சைக் கொத்து ஒன்றை நீட்டினார்.

"எந்தூரு ஆத்தா?"

"மன்னார்குடி."

"அம்புட்டுத் தொலவுல இருந்தா? யாரு இருக்காக இங்கன?"

"யாரும் இல்லை. ஒரு மரத்தைப் பார்க்க வந்தேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னொரு கொத்தும் கொடுத்தார்.

கம்பத்தில் பொட்டலம் வாங்கிய கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சந்துக்குள் ஏலக்காயும் மிளகும் கிராம்பும் மூட்டை மூட்டையாக இருந்த கடை. உரிமையாளர் கனி ராவுத்தர், அறுபது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி. மாத்திரை டப்பாவைத் திறந்து கொடுத்தேன். முகர்ந்தார். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது காட்டுச் சரக்கு இல்லம்மா. லேசா நீலம் ஓடுது பாருங்க. நம்ம முருகாயி கொண்டார சரக்கு மட்டுந்தான் இந்த நெறத்துல இருக்கும். மெட்டு மலைக்கு மேல ஏலத்தோட்டத்துல வேல பாக்குறாக. மரத்துல இருந்து சொரண்டிக் கொண்டாந்து குடுப்பாக."

அந்த நீலத்தை நானும் பார்த்திருந்தேன். புது இனத்துக்கு அடையாளம் என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். மரம் கிடைத்துவிட்டது என்று கண் கலங்கியது. ராவுத்தர் பசி என்று நினைத்துக்கொண்டார்.

"வீடு பின்னாலதான். சாப்பிட்டுப் போங்க. இன்னைக்குப் பிரியாணி."

அவர் மனைவி பரிமாறினார். சோற்றுக்குள் கருகலாகச் சுருண்டு கிடந்த கல்பாசி ஒன்றை இலை ஓரத்தில் எடுத்து வைத்தேன். "அது கெடந்தா ஒண்ணும் பண்ணாது, ஒதுக்கிட்டு உண்ணுங்க" என்றார். ஏழு வருஷ ஆராய்ச்சியை இலை ஓரத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் சோறு வாங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் முருகாயி போகிற ஜீப்பில் என்னையும் ஏற்றிவிட்டார் ராவுத்தர். முருகாயிக்கு என் வயதுதான், நாற்பதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம். பெண்கள் பதினாலு பேர், மடியில் தூக்குவாளிகள். யாருடைய முழங்கால் யாருடையது என்று தெரியவில்லை. ஐந்தாவது வளைவில் ஜீப் புகைவிட்டு நின்றது. ஓட்டுநர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும்வரை நாங்கள் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து கீழே பார்த்தோம். பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம். அதற்குள் எங்கோ வயலும் தென்னையும் கோயிலும் பள்ளிவாசலும் இருந்தன. கோயில் மணிச் சத்தம் மட்டும் மேலே ஏறி வந்தது.

எல்லையில் இருந்த காவலர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, இன்றைக்கு ஒரு ஆள் கூடுதலாக இருக்கிறதே என்று மலையாளத்தில் கேட்டார். "எங்க டீச்சரு. பாசி படிக்க வந்துருக்காக" என்றாள் முருகாயி. அவர் அதை முழுதாக நம்பித் தலையாட்டினார். உள்ளே போனதும் நான் கேட்டேன், "இப்போது நாம் கேரளாவிலா இருக்கிறோம்?"

"கூலி வாங்குறப்ப கேரளா. சோத்துக்கு ஒலை வைக்கிறப்ப தமிழ்நாடு."

தோட்டத்துக்குள் மேகம் நடந்து திரிந்தது. மனிதர்களைவிட உயரமான ஏலச்செடிகள், அவற்றுக்கு மேலே நிழல் மரங்கள். பாதி மரம்தான் தெரிந்தது, மீதி வெள்ளைக்குள் போயிருந்தது. ஒவ்வொரு அடிமரத்திலும் கல்பாசி, மடிப்பு மடிப்பாக, பழைய வெல்வெட் துணி ஒட்டியதுபோல. தொட்டேன். ஈரமாக, குளிர்ச்சியாக, ஏதோ ஒரு மிருகத்தின் காதுபோல இருந்தது. ஏழு வருஷமாகக் காய்ந்த சருகாகவே பார்த்த ஒன்று அங்கே உயிரோடு இருந்தது. எவ்வளவு நேரம் கை வைத்துக்கொண்டு நின்றேனோ.

"இந்த மரந்தான் டீச்சர், நல்லா வரும்" என்று முருகாயி இடுப்பிலிருந்து சிறு கத்தியை எடுத்துச் சுரண்டினாள். நீலச் சாம்பல் நிறத்தில் உதிர்ந்தது. அதே நிறம். பொட்டலம் கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சத்தம். கொஞ்சம் தள்ளி ஒரு ஆள் குழாயைத் தூக்கிப் பிடித்துச் செடிகளுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். காற்று திரும்பியபோது அந்தத் தூறல் மேகத்தோடு கலந்து எங்கள் பக்கம் வந்தது. என் வெள்ளைத் துப்பட்டாவில் பொடிப் பொடியாக நீலப் புள்ளிகள்.

"அவுக எங்க வீட்டுக்காரக" என்றாள் முருகாயி.

"என்ன மருந்து அது?"

"துரிசு. மலையாளத்து ஆளுக அப்பிடித்தான் சொல்லுவாக. நம்ம மயில்துத்தம் இல்ல? அதுவும் சுண்ணாம்பும். மழைக்கு முன்ன அடிக்கலேன்னா காயி அழுகிரும். வருசா வருசம் அடிக்கிறதுதான்."

நான் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். குழாயிலிருந்து மருந்து எட்டுகிற உயரம் வரைக்கும் பாசி நீலம். அதற்கு மேலே, கிளைகளில், வெறும் சாம்பல்.

மயில்துத்தம் என்றால் தாமிரம். தாமிரம் கிருமியைக் கொல்லும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். வேரில்லாத பாசி வருஷக்கணக்கில் காற்றில் வந்த தாமிரத்தைக் குடித்து வைத்திருந்தது. நான் அதைச் சாறாக்கி, தட்டில் வைத்து, வட்டத்தை அளந்து, புதிய சேர்மம் என்று எழுதியிருந்தேன்.

"என்ன டீச்சர், கெடச்சிருச்சுல்ல? மொகம் ஏன் இப்பிடிப் போகுது?"

"ஒன்றுமில்லை. பனி ஒத்துக்கொள்ளவில்லை."

பொய்தான். உண்மையில் அந்த நேரத்தில் நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். இதே மரத்துப் பாசியை எடுத்துப்போனால் இதே வட்டம் விழும். மறுபடி செய்து காட்டியாகிவிடும். மேடம் இங்கே வரப்போவதில்லை. தேர்வாளர்களும் வரப்போவதில்லை. மேகம் எங்களை முழுதாக மூடியபோது, அந்த வெள்ளைக்குள் எதுவும் நடக்காததுபோலத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே நின்றேன். பிறகு மூட்டம் விலகியது. காற்றில் ஒடிந்து விழுந்த ஓர் உச்சிக்கிளை கிடந்தது. அதிலிருந்த பாசியைத் தனிப் பொட்டலமாகக் கட்டினேன்.

மாலையில் ராவுத்தர் கடையில் இரண்டு தம்ளர் கேட்டேன். ஒன்றில் அடிமரத்துப் பாசி, இன்னொன்றில் கிளைப் பாசி. இரண்டிலும் எலுமிச்சைச்சாறு, கொஞ்சம் உப்பு. மூட்டை தைக்கிற கோணி ஊசி இரண்டை மணலில் பளபளவென்று தேய்த்து தம்ளருக்கு ஒன்றாகப் போட்டேன். பாசியில் தாமிரம் இருந்தால் ஊசியில் வந்து ஒட்டும். ராவுத்தர் வாடிக்கையாளரை நிறுத்தி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ குடித்தோம். இன்னொரு டீயும் குடித்தோம். ஊசிகளை எடுத்தேன். கிளைப் பாசியில் கிடந்தது வெள்ளையாகவே இருந்தது. மற்றதில் செம்புப் பாத்திரம்போல மங்கிய சிவப்பு ஏறியிருந்தது.

அவர் அதைத் துணியில் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

"செம்பாம்மா இது?"

"ஆமாம் பாய். தோட்டத்து மருந்து."

"இத நான் ஜனங்களுக்குத் திங்கக் குடுத்துருக்கேன்."

உள்ளே போய் முருகாயி பெயர் எழுதிய சாக்கை இழுத்து வந்து கடைக்கு வெளியே வைத்தார். வெகுநேரம் அதன் பக்கத்திலேயே நின்றார். "இது குழிக்குள்ளதான் போகணும்" என்றார். மதுரையில் இதை வாங்கியவர்களுக்கும் போன் போட்டு, அந்தச் சரக்கை உலையில் போட வேண்டாம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்.

நான் வீதிக்கு வந்து மேடத்தைக் கூப்பிட்டேன். முழுவதும் சொன்னேன்.

"நல்லவேளை" என்றார். "அச்சான பிறகு தெரிந்திருந்தால்?"

"ஆய்வேடு, மேடம்?"

"பதினேழை எடுத்துவிடு. இல்லை, எடுக்காதே. நடந்ததை நடந்தபடி எழுது. அவகாசத்துக்கு நான் போய்ப் பேசிப்பார்க்கிறேன்."

மறுநாளே ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் முருகாயிக்கு ராவுத்தர் சொல்லித் தெரிவது சரியில்லை என்று பட்டது. அவளுடைய பாசியைக் குப்பைக்கு அனுப்பியவள் நான். மறுபடி ஜீப். மறுபடி பதினாலு தூக்குவாளிகள். அன்றைக்குப் பனிமூட்டம் இல்லை. தோட்டம் சாதாரணத் தோட்டமாகத் தெரிந்தது.

சிவந்த ஊசியைக் காட்டிச் சொன்னேன். அவள் மடியில் கட்டிய பையை அவிழ்க்காமலே கேட்டாள்.

"அப்ப இனி என் சரக்க வாங்க மாட்டாகளா?"

"அடிமரத்தில் எடுத்ததை வாங்க மாட்டார். ஒடிந்து விழுகிற கிளையில் எடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்."

"கெள என்னைக்கு ஒடியும், நான் என்னைக்குப் பொறுக்க? நீங்க வராமயே இருந்துருக்கலாம் டீச்சர்."

அவள் செடியின் அடியைச் சுத்தம் செய்கிற வேலையில் இறங்கிவிட்டாள். நானும் கீழே உட்கார்ந்து சருகை அள்ளிப் போட்டேன். நான்கு செடி தாண்டியிருப்போம். முருகாயி சட்டென்று நிமிர்ந்தாள்.

"டீச்சர், இந்தப் பாசி வாயி இல்லாமயே மருந்தக் குடிச்சிருச்சுங்கிறீக."

"ஆமாம்."

"எங்க வீட்டுக்காரக பன்னெண்டு வருசமா மருந்து அடிக்கிறாக. மூஞ்சியில துண்டு கூடக் கட்ட மாட்டாக. ரெண்டு வருசமா இருமுறாக. பீடி கெடையாது, ஒண்ணு கெடையாது. பனின்னு நெனச்சேன்." அவள் கையில் இருந்த சருகு கீழே விழுந்தது. "அவுக நெஞ்சுல எம்புட்டு ஏறியிருக்கும்?"

ஏழு வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதற்குத்தான் நான் சரியாக முழித்தேன். "எனக்குத் தெரியாது முருகாயி. டாக்டர்தான் சொல்ல வேண்டும்" என்றேன்.

அவள் வேலையை அப்படியே போட்டுவிட்டு மோட்டார் சத்தம் வந்த திசைக்கு நடந்தாள். கணவர் தங்கராசு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். நாளைக்கு மேலத் தோட்டம் அடிக்க வேண்டும், மழை வந்துவிடும் என்றார். முருகாயி மோட்டாரை நிறுத்தினாள். அந்த நிசப்தத்தில் அவர் இருமியது எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் காலை மூவரும் தேனிக்குப் பேருந்து ஏறினோம். தங்கராசு ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் திராட்சைப் பந்தல்களை விமர்சனம் செய்துகொண்டே வந்தார்: கிளை வெட்டியிருக்கிற கவாத்து சரியில்லை, இவன் கொடியைக் கட்டத் தெரியாதவன். ஆஸ்பத்திரி வரிசையில் கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் நகக்கண்களில் நீலம் அழுத்தி நின்றதை அப்போதுதான் கவனித்தேன்.

டாக்டர் இளம்பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வட்டங்களைப் படித்தே பழகிய கண்ணுக்கு அந்த மூட்டத்தில் ஒன்றும் புரியவில்லை.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"தோட்ட வேல" என்றார் தங்கராசு.

"மருந்து அடிக்கிறாக. மயில்துத்தம். பன்னெண்டு வருசம்" என்றாள் முருகாயி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். அரைமணி நேரம் கேட்டார். நெஞ்சில் கொஞ்சம் படிந்திருக்கிறது, இன்னும் சில சோதனை செய்ய வேண்டும், ஆனால் மருந்து அடிக்கிற வேலையை இன்றோடு விட்டால் நல்லது என்றார். "விடுவாக" என்றாள் முருகாயி, அவர் வாயைத் திறப்பதற்குள்.

பேருந்து நிலையத்தில் பிரிந்தோம். அன்று கோபத்தில் சொன்னதை மறந்துவிடுங்கள் என்கிற மாதிரி எதுவும் அவள் சொல்லவில்லை. என் பையை வாங்கிச் சீட்டில் வைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே நின்று, பேருந்து கிளம்பும்வரை என் போன் நம்பரை வாய்விட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

ஊருக்கு வந்ததும் இரண்டு பொட்டலத்தையும் சோதித்தேன். அடிமரத்துப் பாசிக்குப் பெரிய வட்டம் விழுந்தது. கிளைப் பாசிக்கு நெல்மணி அகலம், ஆனால் ஓரம் சுத்தமாக, பாசி தானே செய்த வட்டம். ஊதாத் திரவம் கிளைப் பாசியிலும் மெல்ல மங்கி மஞ்சளானது. அது மட்டும் ஆரம்பத்திலிருந்தே பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எழுதினேன், என் தவறு உட்பட. ஆறு மாதம் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் முருகாயி கூப்பிட்டாள். தங்கராசு இப்போது தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் வேலையில் இருக்கிறாராம். சம்பளம் குறைச்சல், ஆனால் வேலை நிழலில். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாராம்.

"இருமல் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அதச் சொல்லத்தான் கூப்புட்டேன் டீச்சர். நேத்து ராத்திரி பூராம் இருமவே இல்ல. அவுக நல்லாத் தூங்குனாக. நான்தான் முழிச்சே கெடந்தேன், வீட்டுல என்னமோ கொறையுதேன்னு."